பலாமரத்திலிருந்து இருபது தப்படி

ஒரு நோட்டுப் புத்தகம் ஐந்து மாதம் வெறுமையாகக் கிடந்தது. ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், ஒரு காபித் தோட்டத்துக் கல்கட்டின் ஓரத்தில், இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள். ஐப்பசி முதல் மாசி வரை அதில் ஒருவர் பெயரும் ஏறவில்லை. அத்தனை மாதமும் அதைத் தேடி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்களையெல்லாம் வழியிலேயே நிறுத்திவிட்டது நான் ஒளித்து வைத்த இன்னொரு டப்பா.

இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். லெட்டர்பாக்ஸிங் விளையாட்டில் புதிதாக டப்பா வைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது எங்கள் பக்கம் கொஞ்சம் கூடி வருகிறார்கள். "எங்கே வைக்கலாம் டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் ஏற்கெனவே யாருடைய டப்பா இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்காதவள்தான்.

லெட்டர்பாக்ஸிங் என்று சொன்னால் தெரியாதவர்கள் தபால்பெட்டியைத்தான் நினைப்பார்கள். விஷயம் எளிது. கைக்கு அடக்கமான ஒரு டப்பா. உள்ளே கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று, சின்ன நோட்டு ஒன்று. பொது இடத்திலோ, அனுமதி வாங்கிய தோட்டத்திலோ ஒளித்து வைத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று துப்பு எழுதித் தருவோம். துப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கண்டெடுப்பவர் தன்னுடைய சொந்த முத்திரையை டப்பா நோட்டில் பதிப்பார். டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். பிறகு, எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைத்துவிட்டு வந்துவிடுவார். பணமும் கிடையாது, போட்டியும் கிடையாது.

1854இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆரம்பித்த பழக்கம் இது. டார்ட்மூர் என்ற மேட்டுநிலம். மரம் மட்டை இல்லாத வெளி, சதுப்பு, ஆங்காங்கே கருங்கல் குன்றுகள். சாக்ஃபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற எளிதில் போக முடியாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்காலத்தில், முகவரி எழுதிய தபால் அட்டையை அங்கே விட்டுவிட்டு வருவதும் வழக்கமானது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். டார்ட்மூரைப் பற்றி எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக 1938இல் டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொன்று வைத்தார்கள். 1970கள் வரைக்கும் அந்த மேட்டுநிலம் முழுவதிலும் ஒரு டஜனுக்கு மேல் டப்பா இருந்ததில்லை. பக்கத்தில் வைக்கலாமா கூடாதா என்ற கேள்வி எழவே அங்கே வழியில்லை. அதற்கப்புறம்தான் ஆயிரக்கணக்கில் பெருகின.

1998இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைப் பார்த்து அமெரிக்காவில் பலர் ஆரம்பித்தார்கள். அங்கே இருக்கும் என் அக்கா மகள் ஆறு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது, அஸ்தம்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள் அழிக்கும் ரப்பரில் எனக்கு முத்திரை செதுக்கக் கற்றுக்கொடுத்தாள். பென்சிலால் படத்தைத் தாளில் அழுத்தி வரைந்து, தாளை ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்க்க வேண்டும். கோடு இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் சின்னக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். கத்தியை அசைக்காமல் ரப்பரைத் திருப்பினால்தான் வளைவு ஒழுங்காக வரும். என் முதல் முத்திரையில் ஐந்தாறு இதழோடு ஒரு காபிப்பூ. கீழே 'ஏ' என்ற எழுத்து. அந்த ஒற்றை எழுத்தை இடவலம் மாறிய பிம்பமாகச் செதுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அந்த முத்திரைக்குத் தகுந்த இடம் வேண்டும் என்று தேடியபோதுதான் தப்பு நடந்தது.

சேலம், ஏற்காடு, ஓமலூர், தர்மபுரி என்று சேர்த்து எண்ணினாலும் எங்களில் முப்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். அதில் எல்லோருக்கும் மூத்தவர் ரைட்டரய்யா. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, மூட்டைக் கணக்கு என்று முப்பத்தைந்து வருடம் எழுதிய கை. முத்து முத்தான எழுத்து. தன் டப்பாவுக்கான துப்பை அவர் பொதுவில் எங்கும் போடுவதில்லை. விருப்பத்தோடு கேட்டு வருகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் தன் கையால் எழுதிக் கொடுப்பார். இப்படி வாய்வழியாகவும் கைவழியாகவும் மட்டும் போகிற டப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் 'டப்பாக்களின் பொதுப் பட்டியலில் பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றுமில்லை' என்பது, கேட்காமல் வைத்ததற்கு ஒரு பதிலே ஆகாது.

நாகலூர்ப் பாதையில் அவருடைய டப்பா ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எந்த இடம் என்று மட்டும் தெரியாது. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை. அந்தப் பாதையில் தோட்டத்து வளைவில் ஒரு கோணல் பலாமரம் இருக்கிறது. அதிலிருந்து கல்கட்டு ஒன்று சரிவாக இறங்கும். கல்லெல்லாம் பாசி பிடித்துப் பச்சை வெல்வெட்டாக இருக்கும். மேலே சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே இரண்டு பக்கமும் காபிச் செடி. என் பூவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று மனதில் விழுந்துவிட்டது. கேட்டால் 'அங்கே வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கினேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தந்தது நிலத்துக்கான அனுமதி மட்டும்தான்.

புரட்டாசி கடைசியில், கல்கட்டின் ஒரு இடுக்கில் டப்பாவைச் செருகி, முன்னால் ஒரு கல்லைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

தை மாதம் பொங்கல் லீவில் போய்ப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குள் பதினான்கு முத்திரைகள்! எங்கள் ஆட்களின் எண்ணிக்கைக்கு அது பெரிய கூட்டம். குளிரில் கல்லின் மேலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மயில், சைக்கிள், ஒரு பம்பரம், ஏதோ ஒரு குழந்தையின் கட்டைவிரல் ரேகை. சந்தோஷத்தில் எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை. பெயர்களையும் படங்களையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

மாசியில் ரைட்டரய்யா போன் செய்தார். "ஏனுங்க டீச்சர், நாகலூர் டப்பாவ எடுத்துப்புடலாம்னு இருக்கறனுங்க. அஞ்சு மாசமா ஒருத்தரும் வரலீங்க. சீட்டு மட்டும் வாங்கிட்டுப் போறாங்க, அவ்வளவு தூரம் நடக்கறதுக்குத்தான் தோணல போல" என்றார். குரலில் கோபம் இல்லை. சோர்வு இருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. "அய்யா, அது எந்த இடம்?" என்று அப்போதுதான் கேட்டேன். "கோணப் பலாமரத்துல இருந்து கல்கட்டு ஓரமா இருவது தப்படிங்க. சாஞ்ச கல்லு ஒண்ணு இருக்கும், அதுக்கு அடியில" என்றார்.

மறுநாளே பஸ் பிடித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பதினான்கு முத்திரையும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தன. கல்கட்டுக்குப் போய் என் நோட்டை எடுத்து, இந்த முறை எழுத்தைப் படித்தேன்.

"ரைட்டரய்யாவுக்கு வணக்கம். உங்கள் துப்பு ஏழெட்டுத் தப்படி பிசகு. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டோம்."

"அய்யா, காபிப்பூ ரொம்ப அழகு. இந்த வயதிலும் இப்படிச் செதுக்குகிறீர்களே!"

"சீட்டில் இருபது என்றிருக்கிறது. டப்பா பதின்மூன்றிலேயே இருக்கிறது. பின்னால் வருபவர்கள் கவனிக்கவும்."

பதினான்கில் ஒன்பது இப்படி. என் நோட்டில், அவருக்கு எழுதிய நன்றிகள். நான் சாய்த்து வைத்த கல்தான் 'சாய்ந்த கல்' என்று அவர்களை நிறுத்தியிருக்கிறது. என் டப்பாவின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தேன். கண்டெடுத்தவர் யாரும் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. துப்பைப் பிடித்து வந்தார்கள், டப்பா கிடைத்தது, அதுதான் என்று நினைத்தார்கள். இதில் அவர்கள் மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்றாவது குறிப்புக்கு அப்புறம் வந்தவர்கள், நோட்டைத் திறந்ததும் பதின்மூன்றுதான் சரி என்று படித்திருப்பார்கள். இருபதாவது தப்படி வரை நடந்து பார்க்க யாருக்கும் காரணமே இருந்திருக்காது.

தப்படி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களில் சிலர் துப்பில் 'எட்டு' என்று எழுதுகிறார்கள். பேச்சில் சரி. எழுத்தில் 'இருபது எட்டு' என்பதை இருபத்தெட்டு என்று படிக்கிறவர்கள் உண்டு. தப்படி என்றோ காலடி என்றோ எழுதுவது நல்லது. யாருடைய தப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரைட்டரய்யா ஆறடி மனிதர். அவருடைய இருபது, என் காலுக்கு இருபத்தாறு. பதின்மூன்றிலிருந்து இருபத்தாறு வரை தேடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த நீளத்துக்குள் இரண்டு டப்பா இருந்தால், முதலில் எதிர்ப்படுகிறதுதான் எல்லோருடைய டப்பாவும்.

இன்னும் ஒன்று இருந்தது. என் இடுக்குக்கு மேலே கல்கட்டு ஒரு முழ அகலத்துக்குச் சரிந்திருந்தது. மண்ணே வைத்துப் பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய சுவர் அது. ஒரு கல்லை உருவினால் மேல் கல் இளகும். தேடி வந்தவர்கள் ஒவ்வொரு இடுக்காகக் கல்லை உருவிப் பார்த்திருக்கிறார்கள். தவறான கல்லும் சரியான கல்லும் ஒன்றுபோலவே இருக்கும்போது வேறு எப்படித் தேடுவார்கள்? பாசி உரிந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. சரிந்ததை எடுத்துக் கட்ட இரண்டு ஆள் ஒரு நாள் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கூலியை நான் கொடுத்தேன். ஆனால் கூலி கொடுத்தால் பாசி வராது. டார்ட்மூர்க்காரர்களின் நடத்தை விதியில் புராதனச் சின்னங்கள், கற்குவியல்கள், கட்டடங்கள், சுவர்கள், இடிபாடுகள் எதிலும் டப்பா வைக்கக் கூடாது என்று இருக்கிறது. அதில் சுவரையும் ஏன் சேர்த்தார்கள் என்பது அந்தச் சரிவின் முன்னால் நின்றபோது எனக்கு விளங்கியது. நம் மலையிலும் பழைய கற்குவியல்களும் கல்லை நட்டுக் கும்பிடும் இடங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் கையே வைக்கக் கூடாது. அது இன்னொருவருடைய டப்பா பக்கத்தில் வைப்பதைவிடப் பெரிய தப்பு. காப்புக்காடு பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்குள் நமக்கு வேலையில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ரைட்டரய்யா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து, அவர் வீட்டம்மா வரக்காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தெரிந்தே கேட்காமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தன் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, இரண்டு முறை படித்தார். "வந்துருக்காங்க" என்றார். அவ்வளவுதான் முதலில் சொன்னது. அப்புறம் வீட்டுக்குள் பார்த்து, "இந்தா, ஆளுங்க வந்துக்கிட்டுத்தான் இருந்துருக்காங்க" என்று இன்னொரு முறை சொன்னார்.

"எத்தனை அடி தள்ளி வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் அய்யா?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர், எண் கேட்கத்தான் தோன்றியது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பக்கத்துக் காட்டுல கெணறு வெட்டறவரு எத்தன அடி தள்ளி வெட்டறாருங்கறது பெருசில்லைங்க. நம்ம கெணத்துக்கு ஊத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாத்து வெட்டோணும். நூறு அடி தள்ளி வெட்டுனாலும் ஊத்த மறிச்சா நம்மளது வத்திப்போகும். அந்தாண்ட பக்கம் இருவது அடில வெட்டுனாலும் ஒண்ணும் ஆகாது."

டப்பாவுக்கு ஊற்று என்பது அதைத் தேடி ஆட்கள் வருகிற வழி. இதை அவர் சொன்னபோது புரிந்துகொண்டதைவிட, வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதிகம் புரிந்தது.

ஜிபிஎஸ் வைத்து விளையாடும் ஜியோகேச்சிங்கில் இதற்கு எண் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியதும் பிறந்த விளையாட்டு அது. ஒரு ஒளிவிடத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கருவி காட்டும் புள்ளியைப் பிடித்து வருகிறவர்களுக்கு அந்த எண் பொருந்தும். எங்களுடையது அப்படி இல்லை. வார்த்தையைப் பிடித்து வருகிறவர்கள் நாங்கள்.

டார்ட்மூரில் ஒரே பாறைக்குன்றைச் சுற்றிப் பல டப்பாக்கள் இருப்பது சகஜம். அங்கே அது தொல்லையாவதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அது திறந்த வெளி. தூரத்துக் குன்று இந்தக் கோணத்தில், சர்ச் கோபுரம் அந்தக் கோணத்தில் என்று திசைகாட்டியில் டிகிரி பார்த்துத் துப்பு எழுதுகிறார்கள். இரண்டு மூன்று கோடுகள் வெட்டும் புள்ளியில் டப்பா இருக்கும். பக்கத்தில் இன்னொன்று இருந்தாலும் அதன் கோடுகள் வேறு. நம் ஏற்காட்டுத் தோட்டத்துக்குள் நின்று திசைகாட்டியைக் கையில் எடுத்தால் எதைப் பார்த்துக் கோணம் எடுப்பது? தலைக்கு மேல் நிழல் மரம், முகத்துக்கு நேரே மிளகுக்கொடி, மார்கழியில் பத்தடிக்கு அப்பால் மூடுபனி. சேர்வராயன் கோயில் மேடு மாதிரி மொட்டையான இடத்தை விட்டால் தூரத்து அடையாளம் என்று ஒன்றுமே கிடையாது. ஆகவே நாம் கிட்டத்து அடையாளங்களை வைத்துத்தான் துப்பு எழுதுகிறோம். இந்த மரம், இந்தக் கல், இந்த வளைவு, இந்த மதகு. அதனால் ஒரே அடையாளத்தை இரண்டு பேர் பிடித்தால் ஐம்பது தப்படி இடைவெளி இருந்தாலும் குழப்பம்தான். அவருடைய பலாமரத்தை நான் தொட்டிருக்கக் கூடாது. கல்கட்டுக்கு அந்தப் பக்கம், வேறு பாதையிலிருந்து இறங்கி வருகிற மாதிரி, ஓடைக் கல்லை அடையாளமாக வைத்து எழுதியிருந்தால், குறுக்கே பார்த்தால் நாற்பது அடிதான் என்றாலும், அவர் ஊற்று வற்றியிருக்காது.

இப்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக ஒரு பாதையில் டப்பா வைக்க நினைப்பவர், அந்தப் பாதையில் ஏற்கெனவே வைத்தவரிடம் போய்த் துப்பை வாங்கி, அதைத் தேடிக் கண்டெடுத்து, நோட்டில் முத்திரை பதித்துவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம்தான் இடம் பார்ப்பது. வெறுமனே "எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது நூறு மடங்கு மேல். தேடிப் போகும்போதுதான் அவர் அந்த நடையை எப்படி அமைத்திருக்கிறார், எந்த இடத்தில் நம்மைத் தயங்க வைக்கிறார், எந்த வளைவில் சேலம் சட்டென்று கீழே தெரியும்படி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் காலுக்குத் தெரியும். ரைட்டரய்யாவின் துப்பில் பலாமரத்துக்கு முன்னால் ஒரு வரி உண்டு: 'மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளவும்.' கல்கட்டின் மேல் வந்து உட்காரும் சின்னான் குருவியைப் பார்க்கட்டும் என்றுதான் அதை எழுதியிருக்கிறார். அவருடைய முத்திரையும் கொண்டையைத் தூக்கிய சின்னான்தான். பதின்மூன்றாம் தப்படியில் காபிப்பூவைப் பதித்துக்கொண்டு திரும்பியவர்களுக்கு அந்த வரி எதற்கு என்றே தெரிந்திருக்காது. நான் கெடுத்தவற்றில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

இரண்டு டப்பா அருகருகே இருக்க நேர்ந்தால், பின்னால் வைத்தவர்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும். தன் டப்பாவின் பெயரை மூடியின் உள்பக்கத்தில், திறந்ததும் கண்ணில் படும்படி, அழியாத மையில் எழுதிவிட வேண்டும். 'நீங்கள் சின்னானைத் தேடி வந்திருந்தால் இது அதுவல்ல, இன்னும் தள்ளி நடக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேடுகிறவரும் ஒன்று செய்யலாம். சீட்டில் இருக்கும் தூரமும் கையில் கிடைத்த இடமும் ஒத்துவரவில்லை என்றால், துப்பு பிசகு என்று முடிவு கட்டுவதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். தவறிப்போய் இன்னொருவர் டப்பாவைக் கண்டெடுத்தால், தப்பே இல்லை, முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். இதுதான் சரியான இடமாக இருக்கும் என்று நினைத்து நகர்த்துகிறவர்களால் தொலைந்த டப்பாக்கள் இரண்டு எனக்குத் தெரியும்.

வைத்தவர் ஊரை விட்டுப் போய், டப்பா மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிற இடங்களும் உண்டு. உள்ளே தண்ணீர் இறங்கி, நோட்டு ஊறி, மை பரவி இருக்கும். 'அதுதான் கெட்டுப்போச்சே' என்று பக்கத்தில் தன்னுடையதை வைக்க ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். துடைத்து, புது ஜிப் கவர் போட்டு வைத்துவிட்டு, எப்படியாவது ஆளைத் தேடிச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் பொறுத்துப் பார்த்தும் பதில் வராவிட்டால் எங்களுக்குள் பேசி முடிவு செய்கிறோம். அப்போதும் பழைய முத்திரையை யாரும் தூக்கி எறிவதில்லை.

காட்டெருமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் சாயங்காலம் தோட்டத்துக்குள் அது வந்து நிற்பது புதிதல்ல. ஒரே கல்கட்டுக்கு இரண்டு டப்பாவைத் தேடி இரண்டு கூட்டம் இரண்டு பக்கமிருந்தும் வந்தால், நடுவில் நிற்கிற மாட்டுக்கு விலகிப்போக வழியிருக்காது.

அந்த ஒன்பது பேருக்கு என்ன செய்வது என்று திண்ணையில் வெகுநேரம் பேசினோம். அந்தப் பக்கங்களைக் கிழித்து அவர் நோட்டில் ஒட்டிவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நோட்டக் கிழிக்கறது தப்புங்க டீச்சர்" என்றார். கணக்கு எழுதியவர், அவருக்கு அது மனசு வராது. உள்ளே போய் மை அட்டையும் சின்னான் முத்திரையும் கொண்டுவந்தார். அஞ்சலட்டை ஒன்பது வாங்கி வந்தோம். ஒவ்வொன்றிலும் சின்னானை அழுத்திப் பதித்து, கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: 'துப்பு சரிதான். அடுத்த முறை இன்னும் ஏழு தப்படி தள்ளி நடக்கவும். மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கவும்.' மை காய்வதற்குத் திண்ணை விளிம்பில் வரிசையாக வைத்தோம். முகவரி தெரிந்தவர்களுக்கு அன்றே பெட்டியில் போட்டேன். மற்றவர்களுக்கு விசாரித்து அனுப்ப ஒரு மாதம் ஆனது.

பங்குனியில் மழை பெய்து காபி பூத்த வாரத்தில் என் டப்பாவை எடுத்துவிட்டேன். இப்போது அது மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு தர்மபுரித் தம்பியின் டப்பா இருந்தது. முதலில் அவருடையதைத் தேடிப் போனேன். இரண்டு முறை போயும் கிடைக்காமல் மூன்றாவது முறைதான் கிடைத்தது. அவரிடம் நான் பார்த்த இடத்தைச் சொன்னேன். "அக்கா, அந்த மதகை மட்டும் விட்டுடுங்க, என் துப்புல அது வருது" என்றார். விட்டுவிட்டேன். வேறு இடம் கிடைக்க வைகாசி ஆகிவிட்டது.

ரைட்டரய்யாவின் டப்பா அதே இடத்தில், அதே சாய்ந்த கல்லின் அடியில் இருக்கிறது. நோட்டில் இப்போது பக்கங்கள் நிரம்பி வருகின்றன. சீட்டு வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும், நான் தரமாட்டேன். போகிறவர்கள் கல்கட்டில் புதிதாகக் கட்டிய அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லை. பாசி இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.